காப்புரிமை முத்திரையும் கருவியின் காலமும்

வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய தோட்டா மறுநிரப்புக் கருவிகளில் ‘1874 அக்டோபர் 20’ என்ற நாள் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் ‘1874ஆம் ஆண்டுக் கருவி’ என்று பட்டியலில் எழுதிவிடும் வழக்கம் சேகரிப்பாளரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த நாளில் நடந்தது காப்புரிமை வழங்கல். கருவி பட்டறையை விட்டு வெளிவந்தது எப்போது என்பதற்கு அது முன்னெல்லையை மட்டுமே தரும். அதைவிட நெருக்கமான எல்லையைக் கருவியில் உள்ள தோட்டா அளவே பல வேளைகளில் தருகிறது என்பது என் வாதம்.

தோட்டாவில் விலை கூடிய பகுதி பித்தளைக் கூடு. கடைத்தெருவிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த அமெரிக்க வேட்டைக்காரர் சுட்ட கூட்டை வீசாமல் சேர்த்துவைத்தார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைச் சுட்டபின் தள்ளி வெளியேற்றவும், புதுக் கேப்பைப் பதிக்கவும், மருந்திட்டபின் ஈயக்குண்டைப் பொருத்தவும் குறடு போன்ற ஒரு கைக்கருவியே போதும். ஜான் பார்லோ 1884இல் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் நான்காம் எண் கருவியில் குண்டு வார்க்கும் அச்சும் குறட்டின் முனையிலேயே உண்டு. உருகிய ஈயத்தை ஊற்ற ஊற்ற இரும்புக் கைப்பிடியும் கொதிக்கும்; அச்சைச் சுற்றியுள்ள நிறமாற்றம் கருவி உழைத்ததற்குச் சான்று. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள் சான்றையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

முத்திரைக்கு வருவோம். காப்புரிமை பெற்ற பொருளில் அந்த நாளைப் பொறிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1842ஆம் ஆண்டுச் சட்டம். 1927இல்தான் நாளுக்குப் பதில் எண் வந்தது. காப்புரிமையின் ஆயுள் அக்காலத்தில் 17 ஆண்டு. 1874இல் பெற்றது 1891இல் காலாவதியாகும். ஆனால் எழுத்து பொறிக்கும் முளை தேயும்வரை பட்டறை அதைப் பயன்படுத்தக்கூடும் என்பதால் 1891ஐப் பின்னெல்லையாகக் கொள்ள முடியாது. ஒரே கருவியில் இரண்டு நாள்கள் இருந்தால் பிந்தியதே கணக்கு: ‘1882 நவம்பர் 7’ என்பதும் சேர்ந்திருக்கும் கருவியை 1874க்கு உரியதாகச் சொல்வது அடிப்படைப் பிழை.

தேய்ந்த எழுத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டன. 1882 நவம்பர் 7 செவ்வாய். தேய்ந்த 7ஐ 1 என்று வாசித்தால் புதன்கிழமை வந்துவிடும். வாசிப்பு தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலை நாட்டுச் சேகரிப்பாளர் கைநூல்களைவிட ஒரு பழைய நாட்காட்டி இங்கே கூடுதலாக உதவும்.

இனி தோட்டா அளவு. .44-40 தோட்டா 1873இலும் .32-20 தோட்டா 1882இலும் வந்தவை; .30-30 சந்தைக்கு வந்தது 1895இல். ஒரு தோட்டா பிறக்கும் முன்னே அதற்கான மறுநிரப்புக் கருவி விற்பனைக்கு வராது. ஆகவே .30-30 என்று பொறித்த ஐடியல் கருவியில் வேறு எந்த நாளும் இல்லாவிட்டாலும், நிறுவனத்தின் முதல் பத்தாண்டு அதற்குரியதன்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

பின்னெல்லைதான் கடினம். ஐடியல் 1910இல் மார்லின் நிறுவனத்தின் கைக்குப் போனது. மார்லினும் நியூ ஹேவன் நிறுவனமே ஆகையால் ஊர்ப்பெயரைக் கொண்டு பார்லோ காலத்தையும் மார்லின் காலத்தையும் பிரிக்க இயலாது. 1925இல் மிடில்ஃபீல்டைச் சேர்ந்த லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கியது. லைமன் பெயர் இருந்தால் கருவி 1925க்கு முற்பட்டதன்று. அப்பெயர் இல்லாததை மட்டும் வைத்து முற்பட்டது என்று முடிவுகட்டலாகாது. பழைய கையிருப்பை எந்த உரிமையாளரும் எளிதில் தூக்கியெறிவதில்லை.

குண்டு அச்சின் எண்ணும் பேசும். 42798 என்பதில் 427 குண்டின் விட்டம், அங்குலத்தில் .427, 98 வடிவத்தின் வரிசை எண். லைமன் பிற்காலத்தில் இதையே 427098 என்று ஆறிலக்கமாக்கியது. ஆகவே ஆறிலக்க அச்சு பார்லோ காலக் கருவியோடு ஒரே பெட்டியில் விற்கப்பட்டால், அந்தத் தொகுதி பிற்காலத்தில் சேர்த்துக்கட்டப்பட்டது. அருங்காட்சியகப் பதிவேட்டில் அச்சுக்கும் கருவிக்கும் தனித்தனிக் காலம் எழுத வேண்டும், அதையும் ஒற்றை ஆண்டாக எழுதாமல், .30-30 கருவியானால் ‘1895க்குப் பின், பின்னெல்லைக்குச் சான்றில்லை’ என்று எழுத வேண்டும்.