மின்வெட்டுக் காலத்துக் கெர்னல்: கண்டியிலிருந்து ஒரு பார்வை

லினக்ஸ் கெர்னலின் வரலாறு பெரும்பாலும் பதிப்பு எண்களாலும் நிரலாளர்களுக்கிடையே நடந்த வாதங்களாலுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இயங்குதளத்தின் நடுவில் இருந்துகொண்டு நினைவகத்தைப் பங்கிட்டு, வன்தட்டையும் வலையட்டையும் விசைப்பலகையையும் ஆளும் நிரலே கெர்னல் எனப்படுவது. அதன் மூல நிரல் எவருக்கும் கிடைப்பதால், தம் கணினிக்கு வேண்டியதைச் சேர்த்து வேண்டாததை விலக்கித் தாமே தொகுத்துக்கொள்வது, அதாவது கம்பைல் செய்துகொள்வது, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் முதற் பதிப்பை வெளியிட்ட காலந்தொட்டு நிலவிவரும் வழக்கமாகும். இந்த வழக்கத்தைக் கண்டியில் வைத்துப் பார்த்தால் வரலாற்றின் அழுத்தம் வேறிடத்துக்கு நகர்கிறது. எந்தத் தெரிவு நல்லது, எந்தப் பழுது எப்போது தலைகாட்டும் என்பதையெல்லாம் நிரலின் நுணுக்கத்தோடு மகாவலி ஆற்றின் நீர்மட்டமும், அரசு அறிவித்த நேரமும், தொலைபேசிக் கட்டணமும் சேர்ந்தே முடிவுசெய்தன.

தொடக்க காலத்தில் கட்டமைப்பு என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. வேர்க் கோப்பு முறைமை எந்த வட்டில் இருக்கிறது என்பதைக்கூட மூல நிரலோடு வரும் மேக்ஃபைல் என்ற கோப்பைத் திருத்தியே சொல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,76,000 வரிகளுடன் 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, 'மேக் கன்ஃபிக்' என்ற கட்டளை ஒவ்வொரு வசதியாகக் கேள்வி கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடையைப் பெற்றுக்கொள்ளும் முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதிலே ஒரு கேள்விக்குத் தவறாக விடை அளித்தால் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியல் வடிவில் மேலும் கீழும் நகர்ந்து தெரிவு செய்ய உதவிய 'மெனுகன்ஃபிக்' பின்னர் வந்தது.

அக்காலக் கேள்விகள் மேசையிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தவரே விடையளிக்கக் கூடியவை. சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையைப் பயன்படுத்த விரும்பியவர், அந்த அட்டை 220 என்ற பதினறும முகவரியில் இருக்கிறதா, அதன் குறுக்கீட்டு எண் 5ஆ 7ஆ என்பதை அறிந்து, அந்த எண்களைக் கெர்னலுக்குள்ளேயே பதித்துத் தொகுக்க வேண்டியிருந்தது. உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டிய கணினிகளே பரவலாக இருந்த இலங்கைச் சூழலில், அட்டையின் மீதிருக்கும் சிறு ஜம்பர்களைப் பார்த்து இவற்றைக் கண்டறிவதும் கெர்னல் வேலையின் ஒரு பகுதியானது. தொகுக்கும்போது ஜிசிசி தொகுப்பி 'சிக்னல் 11' என்ற செய்தியோடு இடையில் நின்று, மறுமுறை இயக்கும்போது வேறொரு கோப்பில் நிற்குமாயின், குற்றம் மூல நிரலில் இல்லை, நினைவகச் சில்லுகளில்தான் என்பது அன்றைய பயனர்களிடையே பொதுவான முடிவு. கெர்னல் தொகுப்பு நினைவகத்தை ஓயாது புரட்டிப் பார்ப்பதால், கடைக்காரர் செய்து காட்டும் சோதனையில் தப்பிய சில்லும் அங்கே பிடிபட்டது.

தொகுத்து முடித்த கெர்னலை ஏற்றுவதற்கு வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்ற துவக்கி நிரல் பயன்பட்டது. அது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் முடிய ஒவ்வொன்றாகத் திரையில் இடும் இயல்புடையது. எனவே, முதல் எழுத்தோடு நின்றால் இரண்டாம் கட்ட நிரலை வட்டிலிருந்து வாசிக்க முடியவில்லை என்றும், இரண்டு எழுத்துகளோடு நின்றால் வாசித்த நிரலை இயக்க முடியவில்லை என்றும் பொருள்கொள்ளலாம். கெர்னல் வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் கிடக்கிறது என்பதை லைலோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். ஆகவே புதிய கெர்னலைப் பழையதன் இடத்தில் நகலெடுத்துவிட்டு லைலோ கட்டளையை மறுபடி இயக்க மறப்பவரின் கணினி அடுத்த முறை எழும்பாது. இவ்வளவு சிறிய மறதிக்கு இவ்வளவு பெரிய தண்டனை தந்த நிரல் அக்காலத்தில் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

கண்டி வட்டாரத்தில் இத்தகைய வேலைக்கு இயல்பான களம் பேராதனை. 1950இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பொறியியற் பீடம் 1964இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனை வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. கணினிப் பொறியியலுக்கெனத் தனித் துறையும் பின்னர் அங்கே உருவானது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று நடத்திய முயற்சியால் 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் சேவையாக முளைத்தது. அதன் அலுவலகம் இன்று பேராதனையில் இயங்குகிறது. வளாகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இணையம் என்பது, 1995இல் வணிகச் சேவை வந்த பின்னரும், தொலைபேசிக் கம்பி வழியே நிமிடக் கணக்கில் செலவாகும் பொருளாகவே நீடித்தது. 2001 ஜனவரியில் வெளியான 2.4.0 பதிப்பின் மூல நிரல், சுருக்கிய நிலையிலேயே ஏறத்தாழ 20 மெகாபைட். 56 கிலோபிட் மோடத்தில் கம்பி இடையறாது ஒத்துழைத்தாலும் அதை இறக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே, அடுத்த பதிப்புக்கு மாறும்போது முழு மூலத்தையும் இறக்காமல், மாறிய வரிகளை மட்டும் கொண்ட 'பேட்ச்' கோப்பை இறக்கிப் பழைய மூலத்தின் மீது பொருத்துவதே அறிவுடைமையாக இருந்தது. கணினிக்குள் பூட்டப்பட்ட மலிவான மோடங்களில் பல, விண்டோஸ் இயக்கியின் துணையின்றி வேலை செய்யாதவை என்பது இதிலுள்ள வேடிக்கை: லினக்ஸில் மோடத்தை இயங்கவைக்கத் தேவையான கோப்பை இறக்குவதற்கு முதலில் விண்டோஸில் போய் நிற்க வேண்டும்.

மின்சாரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. பொல்கொல்லவில் 1976இல் இயங்கத் தொடங்கிய அணை மகாவலி நீரைத் திருப்பி உக்குவெல மின்நிலையத்துக்கு அனுப்புகிறது; பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்து எழுந்த விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டு 210 மெகாவாட் ஆற்றலைத் தருகிறது. நாட்டின் மின்சாரத்தின் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்த அந்நாளில், நீர்த்தேக்கங்கள் சூழ்ந்த கண்டிக்கும் வறட்சியிலிருந்து விலக்கு இருக்கவில்லை: 1996இலும், மீண்டும் 2001–2002இலும் நாடெங்கும் பல மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 386, 486 வகைக் கணினிகளில் கெர்னலைத் தொகுக்க மணிக்கணக்கில் ஆகும் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்த பின்னரே தொகுப்பைத் தொடங்க வேண்டியிருந்தது விளங்கும். மேக் என்ற கருவி, ஒவ்வொரு மூலக் கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து உருவான இலக்குக் கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, முடியாத வேலையை மட்டும் தொடரும். ஆதலால் பாதியில் நின்ற தொகுப்பு முழுவதும் வீணாவதில்லை. ஆயினும் மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த இலக்குக் கோப்பு அரைகுறையாகவோ வெறுமையாகவோ வட்டில் எஞ்சிவிடும். அதன் நேரம் மூலத்தைவிடப் புதியது என்பதால் மேக் அதை முடிந்த வேலையாகவே எண்ணிக் கடந்துபோகும். பின்னர் எல்லாவற்றையும் இணைக்கும் கட்டத்தில் எழும் விளங்காத பிழைக்கு மருந்து, அந்த ஒரு கோப்பைத் தேடி அழிப்பதே.

கோப்புகளின் நேரத்தை நம்பும் இந்த முறைக்கு அரசாங்கமும் ஒரு சோதனை வைத்தது. மின் நெருக்கடியின் காரணமாக, மாலை வெளிச்சத்தை நீட்டிக்கும் நோக்குடன், 1996 மே 25 அன்று இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன; அவ்வாண்டு ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணி நேரம் குறைக்கப்பட்டது; 2006 ஏப்ரல் 15 அன்று நாடு பழையபடி ஐந்தரை மணி நேர வேறுபாட்டுக்குத் திரும்பியது. லினக்ஸ் கெர்னல் உலகப் பொது நேரத்திலேயே கணக்கு வைத்து, உள்ளூர் நேரத்தைக் காட்டும் பொறுப்பை நேர வலயக் கோப்புகளிடம் விட்டுவிடுவதால், புதிய வலயக் கோப்பு இருந்தால் தொல்லை எதுவுமில்லை. புதிய கோப்பு கைக்கு வராதவர் கடிகாரத்தையே நேரடியாக அரை மணி பின்தள்ளினால், உள்ளே உலக நேரமும் அவ்வளவு பின்வாங்கும். சற்று முன் தொகுத்த கோப்புகள் எதிர்காலத்தில் உருவானவையாகத் தோன்ற, மேக் கடிகாரம் பிசகியிருப்பதாகவும் தொகுப்பு முழுமை பெறாதிருக்கலாம் என்றும் எச்சரிக்கும். வலயக் குறிப்பு இல்லாமல் உள்ளூர் நேரத்தை மட்டுமே பதியும் ஃபிளொப்பித் தட்டில் கோப்புகளைக் கொண்டுசென்றவர்களுக்கும் இதே குழப்பம் காத்திருந்தது.

மின்வெட்டு விட்டுச்சென்ற மிக ஆழமான தடம் கோப்பு முறைமையில் காணப்படுவது. அக்காலத்தில் வழங்கிய எக்ஸ்ட்2 என்ற முறைமை, கணினி முறையாக நிறுத்தப்படாவிட்டால், அடுத்த முறை எழும்போது முழு வட்டையும் எஃப்எஸ்சிகே என்ற நிரலால் சோதிக்கச் செய்யும். சேதம் மிகுந்திருந்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு, கையால் சரிசெய்யுமாறு சொல்லி நின்றுவிடும். வட்டு பெரிதாகப் பெரிதாக இச்சோதனையின் நேரமும் நீண்டது. ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, மின்சாரம் போய் வந்தபின் அக்குறிப்பை மட்டும் வாசித்துச் சில நொடிகளில் சீராகிவிடும் முறையைக் கொண்டது. அது 2001 நவம்பரில், இலங்கை இரண்டாம் மின்வெட்டுக் காலத்தில் இருந்தபோது, 2.4.15 பதிப்பில் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் சேர்ந்தது. ஆனால் அதே பதிப்பில், கணினியை முறையாக நிறுத்தும்போதே கோப்பு முறைமையைச் சிதைக்கும் பிழை ஒன்றும் ஒளிந்திருந்ததால், மூன்றே நாளில் 2.4.16ஐ வெளியிட வேண்டியதாயிற்று. புதியது வந்த அன்றே இறக்கித் தொகுத்தவர்களைவிட, தொலைபேசிக் கட்டணத்துக்கு அஞ்சிக் காத்திருந்தவர்கள் அந்த ஒரு வாரத்தில் நற்பேறு பெற்றவர்கள்.

இங்கே கட்டமைப்பின் நுட்பமான பொறி ஒன்று இருந்தது. 1995இல் நிலைபெற்ற மொடியூல் முறையின்படி, ஓர் இயக்கியைக் கெர்னலோடு நிரந்தரமாகப் பிணைக்காமல், தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக வைக்கலாம். ஆனால் வேர்க் கோப்பு முறைமையைத் திறக்கும் இயக்கியையே மொடியூலாக்கினால், அது அந்த வட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். இதைத் தவிர்க்க, தொடக்க மொடியூல்களைத் தாங்கிய சிறு நினைவக வட்டு ஒன்றைத் துவக்கியே ஏற்றித் தரும் ஏற்பாடு உண்டு. தாமே கெர்னலைக் கட்டியவர்கள் பலர் அதைத் தேவையற்றதென்று விட்டுவிடுவார்கள். எக்ஸ்ட்3 மொடியூலாகவும் எக்ஸ்ட்2 நிரந்தரமாகவும் தொகுக்கப்பட்ட கெர்னல், முறையாக நிறுத்தப்பட்ட எக்ஸ்ட்3 வட்டைச் சத்தமின்றி எக்ஸ்ட்2 ஆகவே திறந்துவிடும், குறிப்பேடு பயன்படாது, அடுத்த மின்வெட்டுக்குப் பின் பழைய நீண்ட சோதனை திரும்பி வரும்போதே உரியவர் ஏமாற்றத்தை உணர்வார். மவுண்ட் என்ற கட்டளையைக் கேட்டால், அது அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே எதிரொலித்து எக்ஸ்ட்3 என்றே சொல்லும். கெர்னல் தானே தரும் புரொக் கோப்பகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பழைய கெர்னலில் எக்ஸ்ட்3 ஆக ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், எழும்பும்போது புதிய கெர்னலைத் தெரிவு செய்தால் நிலைமை இன்னும் மோசம்: மீட்க வேண்டிய குறிப்பேடு இருப்பதால் எக்ஸ்ட்2 அந்த வட்டைத் தொட மறுக்க, வேர்க் கோப்பு முறைமையைத் திறக்க முடியவில்லை என்ற 'பேனிக்' செய்தியோடு கணினி உறைந்துபோகும். மின்வெட்டே அறியாத ஊரில் இப்பழுது ஆண்டுக்கணக்கில் வெளிப்படாமலே இருந்திருக்கக் கூடும்.

கட்டமைப்புக் கேள்விகளை ஒழுங்குபடுத்தும் முறையைப் பற்றி நடந்த சண்டை இவ்வளவு சுவையானதன்று. எரிக் ரேமண்ட் பைத்தான் மொழியில் எழுதி முன்வைத்த புதிய அமைப்பு நீண்ட வாதத்துக்குப் பின் ஏற்கப்படாமல் போக, ரோமன் ஸிப்பல் எழுதிய 'கேகன்ஃபிக்' 2002 ஒக்டோபரில் சேர்க்கப்பட்டு இன்றுவரை நிலைத்துவிட்டது. 2005இல் அந்தப் பட்டியலைப் பிற மொழிகளில் பெயர்த்துக் காட்டும் வசதியும் இணைக்கப்பட்டது. 2018இல் அது நீக்கப்பட்டபோது எதிர்ப்பு எழாததிலிருந்தே அதன் பயன்பாடு எவ்வளவு என்பது தெரிகிறது. தமிழும் சிங்களமும் புழங்கும் கண்டியில் இது ஓர் இழப்பாகத் தோன்றலாம். ஆனால் பழுது நேரும்போது கெர்னல் பேசும் வெற்று எழுத்துத் திரை 512 வடிவங்களுக்கு மேல் தாங்காதது, எழுத்துகளை இணைத்து வரையவும் தெரியாதது. ஆகவே இலங்கை லினக்ஸ் பயனர் குழு தன் பெயரிலேயே சிங்கள எழுத்துரு ஒன்றை உருவாக்கி வரைகலைத் திரையை மாற்றிய பின்னரும், பேனிக் செய்தி ஆங்கிலத்தில்தான் வந்தது.

பெரிய லினக்ஸ் வழங்கல்கள் எல்லா இயக்கிகளையும் மொடியூல்களாக்கி, வன்பொருளைத் தாமே கண்டறியத் தொடங்கியதும், வீட்டுக் கணினிக்குக் கெர்னல் தொகுப்பது கட்டாயம் என்ற நிலை மறைந்தது. எஞ்சியவர்களுக்குக் கருவிகள் நயமாயின: மூல நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும், 2005இல் வந்த கிட் மென்பொருளின் 'பைசெக்ட்' வசதி, எந்த மாற்றத்தால் பழுது வந்தது என்பதை, வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடும், ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே ஒளிந்த குற்றவாளியைப் பத்துத் தொகுப்புகளில் பிடித்துவிடலாம். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி 2009 டிசம்பரில் 2.6.32 பதிப்போடு வந்த 'லோக்கல்மொட்கன்ஃபிக்', அந்நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கி, தொகுப்பு நேரத்தைப் பெருமளவு குறைக்கும். கட்டளையை இயக்கும் வேளையில் பொருத்தப்படாத யூஎஸ்பி மோடத்தின் இயக்கி அதில் சேராது என்பது அதன் குறை. ஆகவே, செல்லிடத் தொடர்பு மோடத்தையே நம்பி இணையத்தில் இருப்பவர் அதை முதலில் செருகிவிட்டே கட்டமைக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, இந்தக் குறுகிய தொகுப்பு மடிக்கணினியின் மின்கலம் தீர்வதற்குள் முடியக்கூடிய அளவில் இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் கொண்ட முழுக் கெர்னலைத் தொகுக்க முற்பட்டவருக்கோ, 1996இல் போலவே, மின்வெட்டு அட்டவணைதான் முதலில் பார்க்க வேண்டிய கோப்பாக இருந்தது.