செம்பட்டைத் தலையும் தேங்காய் எண்ணெயும்

டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இன்று கலப்பு மணத்துப் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனர். யாழ்ப்பாணத்துப் பேத்திக்கு ஜமேக்காத் தந்தை இருப்பார். மலையகத்துப் பேரனுக்கு ஸ்கொட்லாந்துத் தாய் இருப்பார். சுருண்டு சிக்குண்ட அப்பிள்ளையின் தலைமுடியை எவ்வாறு பராமரிப்பது என்பதில் அம்மம்மாமாருக்கும் மருமக்களுக்கும் இடையே சிறுசிறு போர்கள் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். மொட்டை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு கட்சி. எண்ணெய் வைத்தால் போதும் என்பது மறு கட்சி.

இது புதிய தலைமுறையின் சிக்கல் என்று பலர் எண்ணுகின்றனர். பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளுக்கு இது பழைய சங்கதி. அங்கே ஒரு குழந்தையின் தலைமுடி, ஊர் முழுதும் வாசித்தறிந்த பிறப்புச் சான்றிதழாக இருந்த காலம் ஒன்று உண்டு.

ஊவாவிற்கு வெள்ளையர் வந்த வரலாறு இரத்தத்தில் தொடங்குவது. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின்னர் பதுளை ஒரு காவல் நகராயிற்று. அதன் பின்னர் கோப்பி வந்தது. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பற்றியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையை வாங்கினார். புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டியபோதும், பதுளை நகரை வந்தடைய 1924 ஆகிவிட்டது. இந்த முப்பதாண்டு இடைவெளியை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பசறைக்கும் நமுனுகுலவிற்கும் லுணுகலைக்கும் அப்பாலிருந்த தோட்டமொன்றில் இருபத்திரண்டு வயதுச் சின்னத்துரை ஒருவர் தனியாக ஒரு பங்களாவில் வாழ்ந்தார். தம் இனத்தவர் முகத்தைக் கிளப்பில் மட்டுமே எப்போதாவது கண்டார். இளம் உத்தியோகத்தர் மணம் முடிப்பதைக் கம்பனிகள் விரும்புவதில்லை. பங்களாவிற்குக் கீழே லயங்கள்; லயங்களில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த மக்கள்; அவர்களது வேலை, சம்பளம், குடியிருப்பு, கடவைச்சீட்டு அனைத்தும் துரையின் வாயசைவில். இந்நிலையில் பிறந்த உறவுகளைக் காதல் என்பதா, கட்டாயம் என்பதா? சிலவற்றில் பாசமும் இருந்திருக்கலாம். ஆயினும், 'முடியாது' என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் 'சரி' என்ற சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை வாசகர்களே நிறுத்துப் பார்க்கலாம்.

1909 சனவரியில் குடியேற்ற நாட்டு அமைச்சர் குரூ பிரபு தம் கீழிருந்த அரசாங்க உத்தியோகத்தருக்கு இரகசியச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். உள்ளூர்ப் பெண்களுடன் வைப்புறவு கொள்வோர் பதவிக்கே ஆபத்து என்பது அதன் சாரம். துரைமார் அரசாங்க ஊழியர் அல்லர், கம்பனி ஊழியர். ஆகவே சுற்றறிக்கை பங்களாப் படியேறவில்லை.

நான் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் அப்பகுதித் தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் முதியவர்களிடம் இதைப் பேச்சில் கொண்டுவர முயன்றதுண்டு. கங்காணிமாரைப் பற்றியோ பெரட்டுக் களத்தைப் பற்றியோ கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவர். இதைக் கேட்டால் வெற்றிலைப் பையைத் தேடுவர். "அதெல்லாம் அந்தக் காலத்துச் சங்கதிங்கய்யா, பேசி என்னாகப் போவுது" என்று ஒரு மூதாட்டி முடித்துவிட்டார். ஆனால் பேச மறுத்தவர்களின் பேச்சிலேயே சொற்கள் மிஞ்சியிருந்தன. 'செம்பட்டை', 'பூனைக்கண்', 'சட்டைக்காரப் பிள்ளை' என்பன அவை.

செம்பட்டை என்பது கூர்ந்து நோக்க வேண்டிய சொல். கருமையே முடியின் இயல்பு என்று கொண்ட சமூகம், அதிலிருந்து விலகியதற்கு வைத்த பெயர் அது. 'சுருட்டை முடி சோறு போடும்' என்று பழமொழி சொல்லிச் சுருட்டையைக் கொண்டாடிய நாம், செம்பட்டைக்கு அத்தகைய மரியாதை எதையும் அளித்ததில்லை. சுருட்டையிலும் ஓர் எல்லை உண்டு. ஆங்கிலேயர் கண்டிப் போர்களில் பயன்படுத்திய ஆப்பிரிக்கப் படைவீரரின் வழிவந்தோர் இன்றும் புத்தளத்தையடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர். அவர்களது முடியைச் சுட்டும் 'காப்பிரி' என்ற சொல் நம் பேச்சில் ஏளனமாகவே புழங்கி வந்திருக்கிறது.

தோட்டங்களில் செம்பட்டைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன என்பதே இக்கதையின் கொடுமையான பகுதி. ஒன்று பங்களா, மற்றது பட்டினி. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இன்றைய கானாவில் பணியாற்றியபோது 1933இலும் 1935இலும் ஒரு நோயை விவரித்தார். குவாஷியோர்கர் என்பது அதன் பெயர். புரதம் போதாத குழந்தைகளைப் பீடிக்கும் அந்நோயில் கால் வீங்கும், தோல் உரியும், கருமுடி செந்நிறமாகி எளிதில் உதிரும். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பின்னர் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தைகள் பசியை நன்கறிந்தவை. ஆகவே ஒரு குழந்தையின் தலை சிவந்திருந்தால், அது துரையின் இரத்தமாகவும் இருக்கலாம், துரை கொடுத்த கூலியின் போதாமையாகவும் இருக்கலாம். பால்சோறு கிடையாமல் முடி சிவந்த குழந்தையின் தாயும் புறணிக்கு இலக்காகியிருப்பாள் என்று எண்ணும்போது மனம் கசக்கிறது. பழைய கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு ஏறத்தாழ 17 விழுக்காடு.

சரி, சிவந்த முடியைத் தாய் என்ன செய்வாள்? மழிப்பாள். முதல் முடி தெய்வத்திற்குரியது என்ற வழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது. தோட்டத்து மாரியம்மன் கோவில் இருந்தது. ஊவாவிலேயே கதிர்காமம் இருந்தது. முதல் மொட்டை நேர்த்திக்கடன். இரண்டாவது, 'முடி அடர்த்தியாக வரட்டும்' என்பதற்காக. மூன்றாவது, பேன் பற்றியதால். ஒவ்வொரு மொட்டைக்கும் ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு. பின்னர் தேங்காய் எண்ணெய். எண்ணெய் தோய்ந்த முடி இரண்டு சாயல் கறுத்துத் தோன்றும் என்பது எவருக்கும் தெரிந்ததே.

மழித்தால் முடி கறுக்கும், அடர்த்தியாகும் என்ற நம்பிக்கைக்கு அறிவியலில் இடமில்லை. மில்ட்ரெட் ட்ரோட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928இலேயே இதைச் சோதித்து, மழித்தலால் முடியின் நிறமோ தடிப்போ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். நிறத்தையும் சுருளையும் தீர்மானிப்பது தோலுக்குள்ளே இருக்கும் முடிக்குழி. சவரக்கத்தி அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆயினும் பல குழந்தைகளின் முடி வயது ஏற ஏறத் தானாகவே கருமையடையும். கலப்பினக் குழந்தைகளிலும் இதைக் காணலாம். மூன்றாம் மொட்டைக்குப் பின் முடி கறுத்து வந்தபோது தாய் அம்மனுக்கு நன்றி சொல்லியிருப்பாள். அந்த நன்றியைக் குறைகூற நான் ஆயத்தமில்லை.

கத்தி எட்டாத சாட்சியைச் சட்டமாவது எட்டியதா? 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பராமரிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மணமாகாத தாய் தன் பிள்ளைக்காகத் தந்தையிடம் செலவுப்பணம் கோரலாம். ஆனால் தாயின் வாக்குமூலம் மட்டும் போதாது. அதை உறுதிப்படுத்தும் வேறு சான்று வேண்டும். தந்தை முன்னர் ஏதும் கொடுத்திராவிடில், பிறந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் வழக்கிடவும் வேண்டும். துரைக்கு எதிராகச் சான்று சொல்ல எந்தக் கங்காணி, எந்த அப்பு, எந்தக் கணக்கப்பிள்ளை நீதிமன்றப் படி ஏறுவான்? பிறப்புப் பதிவோ இதனினும் விசித்திரம். மணமாகாத தாயின் பிள்ளைக்கு, தந்தையென ஒப்புக்கொள்பவர் தாயுடன் சேர்ந்து கோரிக் கையொப்பமிட்டாலன்றித் தந்தை பெயரை எழுத முடியாது. தோட்டத்தில் நிகழும் பிறப்புகளை அறிவிக்கும் கடமையோ தோட்ட நிர்வாகியான துரையின் தலையில் இருந்தது. தம் பிள்ளையின் பிறப்பையே, தந்தை பெயர் இன்றி, அலுவலகக் கடிதமாக அனுப்பிவைக்கும் வாய்ப்பை அச்சட்டம் அவருக்கு வழங்கியிருந்தது.

பதுளைக்குச் செல்வோர் சென் மார்க் தேவாலயத்தைக் காணத் தவறுவதில்லை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். சுட்ட யானைகளுக்குக் கணக்கு வைத்த ஆட்சியில், பங்களாப் பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லை. குடிசன மதிப்பீட்டில் 'பறங்கியரும் யூரேசியரும்' என்ற கூறு இருந்தது உண்மை. ஆனால் லயத்தில் வளர்ந்த பிள்ளை அங்கே இந்தியத் தமிழராகவே எண்ணப்பட்டிருக்கும். 1908இல் அமைந்த டச்சுப் பறங்கியர் சங்கமோ தந்தைவழி வம்சாவளி கேட்டது. தந்தையே இல்லாத பிள்ளை வம்சாவளிக்கு எங்கே போவது?

தந்தைமார் எல்லோரும் கைவிட்டனர் என்றும் சொல்வதற்கில்லை. சிலர் பணம் கட்டிப் பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்பினர். வடஇந்தியத் தேயிலைத் துரைமாரின் பிள்ளைகளுக்காக ஜோன் கிரஹாம் பாதிரியார் 1900இல் கலிம்போங்கில் இல்லம் தொடங்கினார். அங்கிருந்து 1908க்கும் 1938க்கும் இடையில் 130 இளையோர் நியூசிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். தாய்மாருடன் தொடர்பு வைத்துக்கொள்வதற்கு அங்கே ஊக்கமில்லை. இலங்கையில் நுவரெலியாவின் பெயின்டர் இல்லம் அத்தகைய பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்தது. அதை நிறுவிய ஆங்கிலேயப் பாதிரியாரின் மனைவி ஒரு சிங்களப் பெண்மணி. அவர்களது மகனே கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவரோவியங்களைத் தீட்டிய டேவிட் பெயின்டர். அங்கே போன பிள்ளைக்கு ஆங்கிலமும் காலணியும் கிடைத்தன. தாயின் மடியும் அவள் எண்ணெய்க் கையும் கிடைக்கவில்லை.

லயத்திலேயே தங்கிய பிள்ளைகளுக்கு 1948இல் அடுத்த அடி விழுந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மணவுறவிற்கு வெளியே பிறந்தோருக்குத் தாய்வழியையே நோக்கியது. தாய் நாடற்றவளாக்கப்பட்டபோது பிள்ளையும் நாடற்றதாயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. அந்தப் பங்கீட்டில் செம்பட்டைத் தலைகளும் அடங்கும். அபர்டீனிலோ டண்டீயிலோ பாட்டனார் வீடிருக்க, பெயரன் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கினான் என்றால், அதில் சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோரின் கணக்கு 2003இன் சட்டத்தோடுதான் தீர்க்கப்பட்டது. துரைமாரின் காலமோ 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் முடிந்துவிட்டது.

இனி அம்மம்மாமாரின் வழக்குக்கு வருகிறேன். அவர்கள் பாதி சரி. சுருள் முடியில், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை வழிந்திறங்குவதில்லை. ஆகவே அது விரைவில் வறண்டு முறியும். ஊவாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்த முடியும் வைக்கோலாகிவிடும்; தேங்காய் எண்ணெய் இல்லாமல் அங்கே ஒரு தாயும் தலை வாரியதில்லை. அவ்வெண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்றும் காட்டியது. ஈரமாக இருக்கும்போதே, விரலாலோ அகன்ற பல் சீப்பாலோ, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் பிள்ளை அலறும், முடியும் அறும். நாள்தோறும் சவர்க்காரம் போடுவது வேண்டாம். மொட்டை, நேர்த்திக்கடனுக்கென்றால் தாராளமாக அடியுங்கள். நிறத்தையும் சுருளையும் மாற்றுவதற்கென்றால் நாவிதருக்குக் கொடுக்கும் காசு வீண்.