ஓட்டியவரிடம் ஒன்றுமில்லை என்றால், அடிபட்டவருக்கு யார் பொறுப்பு?



வீதியில் விபத்து நடந்ததும் நாம் கேட்பது "இன்சூரன்ஸ் இருக்கா?" என்றுதான். இல்லை என்றதும், "அவர்ட்ட என்ன இருக்கு, கேஸ் போட்டு என்னத்த எடுக்கிற?" என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு, கத்ர் என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். கால் முறிந்தவர் வீட்டில் அடுப்பு எரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி காருக்கும் முந்தியது. தவறுதலாக ஓர் உயிர் போனால் தியத் கொடுக்க வேண்டும் என்பது அல்குர்ஆனின் சட்டம் (4:92). 100 ஒட்டகங்களை ஓர் ஏழை எங்கே தேடுவார்? அதனால் அந்தச் சுமை அவருடைய 'ஆகிலா' மீது, அதாவது கோத்திரத்தார் மீது, பகிரப்பட்டது. மதீனா சாசனமும் ஒவ்வொரு கோத்திரமும் தன் தியத்தைக் கூட்டாகச் செலுத்த வேண்டும் என்றது. உமர் (ரழி) அவர்கள் அதை மூன்று வருடத் தவணையாக்கினார்கள்.

ஆகிலாவே இல்லாவிட்டால்? பைத்துல்மால். கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரழி) கொல்லப்பட்டபோது, கொன்றவர் இன்னாரென நிரூபிக்க முடியவில்லை. நபி (ஸல்) அவர்கள் தாமே பொறுப்பேற்று 100 ஒட்டகங்களைக் கொடுத்தார்கள். குற்றவாளி பிடிபடவில்லை என்பதற்காகக் குடும்பம் வெறுங்கையோடு திரும்பவில்லை.

கார் வந்தபோது உலகம் அதே இடத்தில் மீண்டும் முட்டியது. 1896 ஆகஸ்ட் 17இல் லண்டனில் பிரிஜெட் டிரிஸ்கோல் என்ற பெண் கார் மோதி இறந்தார். வாகனங்கள் பெருகின, வழக்கில் வென்றும் காசு கிடைக்காதவர்களும் பெருகினர். 1930இல் பிரித்தானியா மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அப்படியும் காப்புறுதியின்றி ஓடியவர்கள் இருந்தார்கள். ஆகவே 1946இல் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கி, அப்படிப்பட்டவர்கள் மோதியவர்களுக்கும் நட்டஈடு கொடுக்கத் தொடங்கின. 1969இல், மோதிவிட்டு ஓடியவர்களின் விபத்துகளுக்கும் அது விரிந்தது.

வர்த்தகக் காப்புறுதியும் ஆகிலாவும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டும் அடிபட்டவரைத் தனியே விடக்கூடாது என்றே எண்ணின.

நமது நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வாகன வரிப்பத்திரமும் எடுக்க முடியாது. எனவே "இல்லை" என்ற வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். வாகன இலக்கத்தையும் உரிமையாளர் பெயரையும் எடுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 2 வருடமே காலவரை. வீதியோரத்தில் அவசரப்பட்டு "இனிக் கோரிக்கை இல்லை" என்று கையெழுத்து வைக்காதீர்கள்.

நமது பள்ளிவாசல் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. பைத்துல்மால் என்ற பெயரை வைத்திருக்கிறோம். மோதியவரிடம் ஒன்றுமில்லாதபோது அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டுவதும் அந்தப் பெயருக்குரிய வேலைதான்.