வியாசர்பாடியில் பூனைமுடியின் கதை

எங்கள் தெருவில் பெண்குழந்தை பிறந்தால் கடலைமாவும் பாலாடையும் குழைத்து, பூனைமுடி உதிரட்டும் என்று உடம்பெல்லாம் உருட்டித் தேய்ப்பார்கள். வளர்ந்த பிறகு கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, கோரைக்கிழங்குப் பொடி. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண்கள் தனகாக் கட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசுவார்கள். அதுவும் முடியை அடக்கும் என்று ஒரு அக்கா சொல்ல, எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்தது. இதில் எதுவும் வேர் வரை போனதில்லை. தேய்த்த தேய்ப்பில் கொஞ்சம் உதிரும், அவ்வளவே. பெரிய ஆபத்தும் இல்லை.

பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடியது. சம்பளம் நின்ற வீடுகளில் பெண்கள் தையல், டியூஷன், பார்லர் என்று இறங்கினார்கள். நான் முதன்முதலில் த்ரெடிங் நூலைப் பல்லில் கடித்தது அப்போதுதான். அதே ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டனில் 13 பேருக்கு ரூபி லேசர் அடித்து முடிவேரைச் சிதைத்த ஆய்வு வெளியானது. அதன் தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983இலேயே எழுதிவிட்டார்கள். முடியின் கருமை ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூட்டில் வேர் சாகும்.

வம்பே அந்தக் கருமையில்தான். வெள்ளைத்தோலில் கருமை பெரும்பாலும் முடியில்தான் இருக்கிறது. நம் தோலிலும் இருப்பதால் ஒளி இரண்டையும் சுடும். கொப்புளம் வரும், ஆறினாலும் கருந்திட்டு நிற்கும். அதனால்தான் தோல் டாக்டர்கள் நம் நிறத்துக்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை எடுக்கிறார்கள். அந்த ஒளி மேல்தோலின் கருமையில் அதிகம் சிக்காமல் ஆழம் போகும். நாலிலிருந்து ஆறு வார இடைவெளியில் ஆறேழு தடவையாவது போக வேண்டும். அப்போதும் முடி குறையும், மெலியும். ஒன்றுகூட வராது என்று எழுதிக்கொடுக்கும் இடத்தை நம்பாதீர்கள்.

பார்லரில் பெரிய மெஷின் நின்றால் மட்டும் போதாது, அதைப் பிடிப்பவருக்கு முறையான பயிற்சியும் வேண்டும். 1920களில் அமெரிக்கப் பார்லர்களில் 'டிரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ்ரே காட்டி முகமுடி நீக்கினார்கள். வலியே இல்லையாம். அந்தப் பெண்களில் பலருக்குப் பல வருஷம் கழித்துத் தோல் சுருங்கியது, புற்றுநோயும் வந்தது. இரண்டு வாரப் பயிற்சியோடு லேசர் பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

இப்போது எம்.கே.பி. நகர்ப் பெண்கள் தவணையில் வாங்கிய, முடி நீக்கும் ஐபிஎல் கருவியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது லேசரே அல்ல, பளிச்சென்று அடிக்கும் விளக்கு. வீட்டு உபயோகம் என்பதால் சக்தியைக் குறைத்தே வைத்திருப்பார்கள். விட்டால் முடி திரும்பும். மாநிறத்துக்குக் கால், கையில் கொஞ்சம் உதவும். ரொம்பக் கருத்த தோலுக்கு வேண்டாம் என்று பல கருவிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும், சிலது தோல்நிறம் பார்த்துத் தானே நின்றுவிடும். தாடையில் மட்டும் சொந்தமாக அடிக்காதே என்று நான் தடுப்பேன். குறைந்த ஒளி பட்டுச் சிலருக்கு இருந்ததைவிட அடர்த்தியாக முளைத்துவிடுகிறது. திடீரென்று தாடைமுடி வந்து மாதவிலக்கும் தள்ளிப்போனால், முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். அது பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறாக இருந்தால், அதைக் கவனிக்காமல் எந்த மெஷினுக்குக் காசு கட்டினாலும் முடி புதிதாக வந்துகொண்டேயிருக்கும்.

அறுபது தாண்டிய அம்மாக்கள் விஷயத்தில் குழப்பமே இல்லை. நரைத்த முடியில் கருமை கிடையாது, எந்த லேசருக்கும் அது பிடிபடாது. அவர்களுக்கு இன்றும் நூல்தான்.