ஜாங்கலம்: ஒரு நிலச்சொல்லும் அது இழந்த பொருளும்

'ஜங்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவது கதிரொளி புகாத அடர்காடு. அச்சொல்லுக்கு மூலம் வடமொழியின் 'ஜாங்கலம்'. ஆனால் பழைய ஆயுர்வேத நூல்களில் ஜாங்கலம் என்பது இதற்கு நேர் எதிரான நிலம்: நீரும் மரமும் குறைந்து, காற்றும் வெயிலும் மிகுந்த திறந்தவெளி. ஒரு சொல் தன் பழம்பொருளுக்கு எதிரான பொருளை ஏற்பது மொழி வரலாற்றில் அரிதன்று. ஆயினும் இந்த மாற்றம் அகராதியோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவின் புல்வெளிகளும் முட்புதர் நிலங்களும் இன்று 'தரிசு' எனப் பதிவாகி மறைந்துவருகின்றன. அந்த மறைவை இச்சொல் தோற்றுவிக்கவில்லை. எந்தப் பார்வையின் வழியே அது இயல்பானதாயிற்று என்பதை இச்சொல்லின் வரலாறு காட்டுகிறது.

சூழலியல் அறிவையும் பிராணன் முதலான உயிராற்றல் மரபுகளையும் இணைத்து இயற்கையிடம் பாடம் கற்க வேண்டும் என்னும் குரல் இன்று கருத்தரங்குகளிலும் யோக முகாம்களிலும் ஒருங்கே ஒலிக்கிறது. அக்குரலோடு வரும் படம் பெரும்பாலும் பசுமை போர்த்த மழைக்காடு. மரம் அடர்ந்த இடத்தில் உயிராற்றல் மிகுதி, மரம் குறைந்த இடத்தில் அது குறைவு என்பது அதன் சொல்லப்படாத முற்கோள். அம்மரபின் மூலநூல்கள் இந்த முற்கோளை ஏற்கின்றனவா என்று பார்ப்பது பயனுடையது.

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்து மூன்றாம் அத்தியாயம் ஊரழிவைப் பற்றியது. பாஞ்சால நாட்டின் காம்பில்ய நகருக்கு அருகே, கங்கைக் கரையில், கோடையின் கடைசி மாதத்தில், புனர்வசு ஆத்ரேயர் தம் மாணவர் அக்னிவேசரிடம் பேசுகிறார். உடற்கூறும் உணவும் வயதும் வேறுவேறான மக்கள் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே நோயால் மடிவது எவ்வாறு என்பது கேள்வி. காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் எல்லார்க்கும் பொது; அவை கெடும்போது ஊரே கெடும் என்பது விடை. இக்கேடுகளுக்கு வேர் மனிதரின் அறப்பிழை என்றும், ஆள்வோர் நெறி தவறுவதிலிருந்து அது தொடங்குகிறது என்றும் அந்த அத்தியாயம் தொடர்கிறது.

நிலங்களின் இலக்கணம் வருவதும் இதே அத்தியாயத்தில்தான். நீரும் மரமும் குறைந்து, காற்றும் வெயிலும் மிக்கது ஜாங்கலம். அங்கே நோய் மிகக் குறைவு. நீரும் மரமும் மிகுந்து, காற்று அடங்கி, வெயில் அரிதாகக் கிடைப்பது ஆனூபம். அங்கே குற்றங்கள் பல. இரண்டும் சமனாக அமைந்தது சாதாரணம். உடல்நலத்தை அளவுகோலாகக் கொண்டு நிலத்தை மதிப்பிட்ட இந்நூல், அடர்காட்டைக் காட்டிலும் திறந்தவெளிக்கே உயர்ந்த இடம் தருகிறது. உயிராற்றல் பேசுவோர் இன்று காட்டும் பசுமைப் படத்தை இந்நூலின் கணக்கில் வைத்தால், அது ஆனூபத்தின் பக்கமே விழும்.

இவ்வகைப்பாட்டின் அடியில் ஓர் உயிராற்றல் கோட்பாடு உண்டு. அதர்வ வேதத்துப் பிராண சூக்தம் மழையையும் செடிகொடிகளின் கருவுறுதலையும் பிராணனின் செயல்களாகக் காண்கிறது. சரகத்தின் சூத்திர ஸ்தானத்துப் பன்னிரண்டாம் அத்தியாயம் இதே எண்ணத்தை மருத்துவ மொழியில் வகைப்படுத்துகிறது. உடலுக்குள் மூச்சையும் அசைவையும் பேச்சையும் இயக்கும் வாயுவே, உலகில் மேகத்தைத் திரட்டுகிறது, நீரைப் பொழிவிக்கிறது, ஆறுகளை ஓட்டுகிறது, வித்துகளை முளைக்கச் செய்கிறது. உள்ளே ஒரு காற்று, வெளியே வேறொரு காற்று என்ற பிரிவு அங்கே இல்லை. ஆகவே நிலத்தைப் படிப்பதும் உடலைப் படிப்பதும் ஒரே கல்வியின் இரு பக்கங்களாயின.

அக்கல்வி எவ்வளவு நுண்ணியது என்பதற்குச் சரகத்தின் கல்ப ஸ்தானம் சான்று. பிற்காலத்தில் திருடபலர் நிறைவு செய்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஜாங்கலத்தின் முதல் அடையாளமாக அங்கே கூறப்படுவது விரிந்த வானவெளி. பின்னர் கருங்காலி, இலந்தை, நெல்லி, வன்னி முதலிய மரங்களும், வறண்ட காற்றில் ஆடும் இளங்கிளைகளும், கானல்நீரும், பரல் கலந்த மணலும், காடையும் கௌதாரியும் நிரல்படச் சொல்லப்படுகின்றன. மரமே இல்லாத பாலைவனம் அன்று அது. வறட்சி தாங்கும் மரங்கள் தத்தம் குழுவாய் நிற்கும் வெட்டவெளி. அந்நிலத்தில் வாதமும் பித்தமும் மேலோங்கும். மக்கள் உறுதியான உடலினர். ஆனூபத்தில் தென்னையும் வாழையும். அங்கே கபமும் வாதமும் மிகும். மக்கள் மென்மையான உடலினர். மருந்துச் செடிகளைச் சாதாரண நிலத்திலோ ஜாங்கலத்திலோ கொய்ய வேண்டும் என்பது அந்நூலின் விதி. சுசுருத சம்ஹிதை விலங்குகளையும் இவ்வாறே இரு நிலங்களுக்கும் பகிர்கிறது. மான் இனங்கள் ஜாங்கலத்துக்கு உரியன; யானை, காண்டாமிருகம், எருமை, பன்றி ஆகியன ஆனூபத்துக்கு உரியன.

இத்தகைய உற்றுநோக்கலின் ஆற்றலையும் எல்லையையும் ஓர் எடுத்துக்காட்டு ஒருசேர விளக்கும். பழைய நீர் தேங்கி, எல்லாப் பருவத்திலும் குளிர்ந்திருக்கும் இடங்களில் யானைக்கால் நோய் சிறப்பாகத் தோன்றும் என்று சுசுருதம் கூறுகிறது. அதற்கு அது கூறும் காரணம் கபம். 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனிதக் குருதியில் ஃபைலேரியாப் புழுவைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். நீர்த்தேக்கத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற பழைய கவனிப்பு சரியே. கபம் என்ற விளக்கம் அதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. கவனிப்பையும் விளக்கத்தையும் பிரித்தறியாமல் 'அன்றே சொன்னார்கள்' என்று மகிழ்வது வரலாறும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

நிலத்தையும் நோயையும் இணைக்கும் இம்முறை தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் உண்டு. பதார்த்த குண சிந்தாமணி ஐவகை நிலங்களுக்கும் நோய்நிலை கூறி, மருதத்தை நோய் நீக்கும் நிலமாகப் போற்றுகிறது. முறை ஒன்று, சிறந்ததெனத் தேர்ந்த நிலம் வேறு. எனவே 'நலம் தரும் நிலம்' என்பது இடமும் வாழ்வும் தழுவிய முடிவே அன்றி, எங்கும் பொருந்தும் இயற்கை விதி அன்று.

ஜாங்கலத்தின் பழம்பொருளை நவீன ஆய்வுலகுக்கு மீட்டுத் தந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சிஸ் சிம்மர்மன். 1982-இல் பிரெஞ்சிலும் 1987-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவருடைய நூல், ஆயுர்வேதத்தின் உணவு, இறைச்சி வகைப்பாடுகளுக்குள் ஒரு சூழலியல் அடங்கியிருப்பதைக் காட்டியது. ஆனால் அது வெறும் புகழுரை அன்று. ஜாங்கலத்தின் எல்லையும் ஆரியப் பண்பாட்டின் எல்லையும் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிந்தன என்பதையும் அவர் விளக்கினார். அரசன் ஜாங்கல நிலத்தில் குடியேற வேண்டும் என்று மனுநூல் விதிக்கிறது. இரலைமான் இயல்பாய்த் திரியும் நாடே வேள்விக்கு உரியது என்றும், அதற்கு அப்பாற்பட்டது மிலேச்சரின் நாடு என்றும் அதே நூல் வரையறுக்கிறது. நிலத்தின் தரம் இங்கே மனிதரின் தரமாகவும் மாறிவிட்டது. இம்மரபிடம் பாடம் கேட்போர் இந்தத் தரவரிசையையும் கண்டுகொள்ள வேண்டும்.

பொருள் மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. இந்தி, மராத்தி, வங்கம் முதலிய மொழிகளில் இச்சொல் உழவுக்கு உட்படாத நிலத்தையும், பிறகு அதன்மேல் வளர்ந்த புதரையும் மரத்தையும் குறிக்கலாயிற்று. ஆகவே முழுப் பழியையும் ஆங்கிலேயர்மேல் சுமத்துவது பொருந்தாது. ஆங்கிலத்தில் இச்சொல்லின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, 1776-இல் ஹால்ஹெட் வெளியிட்ட ஜெண்டூ சட்டத் தொகுப்பில் உள்ளது. ஐந்தாண்டுகள் பயிரிடப்படாமல் கிடக்கும் நிலம் அங்கே இப்பெயர் பெறுகிறது. வருவாய் நிருவாகத்தின் கண்ணில் நிலத்தை வரையறுப்பது அதில் வாழும் உயிரன்று, அதிலிருந்து வாராத வரியே. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகரமுதலி, இம்மூலச்சொல் பெரிதும் மருத்துவ நூல்களில் வழங்குவது என்று குறிப்பிட்டு, வெறுநிலம் என்ற பொருள் எவ்வாறு அடர்காடாயிற்று என்பதையும் வரிசைப்படுத்துகிறது. இதற்குள் மலேரியா போன்ற காய்ச்சலுக்கு 'ஜங்கிள் ஃபீவர்' என்ற பெயர் வழக்கில் வந்துவிட்டது. நோய் மிகக் குறைந்த நிலத்தின் பெயர் ஒரு நோயின் பெயராய் முடிந்தது.

பொருள் பிரிந்த பிறகு அந்தத் திறந்தவெளிக்கு ஆட்சிமொழியில் மதிப்புள்ள பெயர் எதுவும் எஞ்சவில்லை. 1864-இல் டீட்ரிச் பிராண்டிஸ் முதல் வனத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். 1865-இலும் 1878-இலும் வனச் சட்டங்கள் வந்தன. காட்டை மரத்தால் அளக்கும் துறைக்கு, மரங்கள் இடைவிட்டு நிற்கும் புல்நிலம் சீரழிந்த காடாகவே தோன்றிற்று. விடுதலைக்குப் பின்னரும் அப்பார்வை நீடித்தது. 2019-இல் வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டைத் தரிசு எனக் கணக்கிட்டது. புதர் நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் அதன் வகைகளுள் அடங்கும். காடு எனப்படுவது எப்போது சவானா ஆகிறது, அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்ற வினாவை 2011-இல் ஜெயஸ்ரீ ரத்னம் முதலானோர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பாகவே வைத்தனர். எம்.டி. மதுசூதனும் அபி வானக்கும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் வறள்மண்டலத் திறந்தவெளிச் சூழலமைவுகள் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு என்று காட்டியது. அவற்றில் பெரும்பகுதி அரசின் கணக்கில் தரிசு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுள் அடங்குவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

கச்சு மாவட்டத்துப் பன்னிப் புல்வெளி இதன் விளைவை விளக்கும். உப்புப் பாலை பரவுவதைத் தடுக்க 1960-களில் அங்கே அயல்நாட்டு முள்மரம் ஒன்று நடப்பட்டது. தமிழகம் சீமைக் கருவேலம் என்று நன்கறிந்த மரம் அது. உள்ளூர் மக்கள் அதற்கு இட்ட பெயர் பைத்தியக் கருவேலம் என்ற பொருளுடைய 'காண்டோ பாவள்'. மரம் பெருகியது; புல் சுருங்கியது; பன்னி எருமைகளையும் மாடுகளையும் வளர்க்கும் மால்தாரிகளின் மேய்ச்சல் குறுகியது. வரைபடத்தில் பசுமை கூடியிருக்கலாம். புல்லைச் சார்ந்த உயிர்களின் கணக்கில் அது இழப்பே. திறந்த புல்வெளியையே வாழிடமாகக் கொண்ட கானமயில் இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 150 அளவில் சுருங்கிவிட்டது. வேட்டையும் மின்கம்பிகளும் அதற்குக் காரணம் என்றாலும், வாழிடம் தரிசெனப் பெயர் பெற்றதும் காரணங்களுள் ஒன்று.

பான் அறைகூவலின்கீழ் 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்டமைப்பதாக இந்தியா உறுதி கூறியுள்ளது. எந்த நிலம் எதுவாக மீட்கப்படப் போகிறது என்பது இங்கே உயிர்ப்பான கேள்வி. 'மீட்பு' என்பதற்கு 'மரம் நடுதல்' என்று மட்டும் பொருள்கொண்டால், மீட்க வேண்டியதே அதன் அடியில் புதைந்துபோகும்.

சூழலியலையும் உயிராற்றல் மரபையும் இணைப்பதன் பயனும் இவ்விடத்தில்தான் தெளிவாகிறது. வாதபித்தகபத்தை இயற்பியல் ஆற்றலோடு சமன்படுத்துவது அந்த இணைப்பு ஆகாது. அவ்வாறு செய்தால் இரண்டும் சிதையும். ஒரு நிலம் அங்குள்ள காற்றுக்கும் நீருக்கும் பறவைக்கும் உணவுக்கும் மனித உடலுக்கும் இடையே எத்தகைய உறவை நிறுவுகிறது என்று கேட்டு, அதன்பின் அதற்குப் பெயரிடுவதே மருத்துவ நூலார் பின்பற்றிய ஒழுங்கு. வருவாய்ப் பதிவேடு அந்த உறவுகளை நீக்கிவிட்டுப் பெயரிட்டது. இன்றைய புல்வெளிச் சூழலியலார் வேறு கருவிகளோடு, வேறு காரணங்களோடு, அவ்வுறவுகளை மீண்டும் எண்ணத் தொடங்கியுள்ளனர்.

ஊரழிவு வரப்போவதை உணர்ந்த ஆத்ரேயர் கங்கைக் கரையில் மாணவருக்கு இட்ட முதல் பணி மந்திரமும் அன்று, வேள்வியும் அன்று. மண் தன் சாரத்தை இழப்பதற்கு முன்பே மூலிகைகளைக் கொய்து வையுங்கள் என்பதே அது. அப்பணியை நிறைவேற்ற மாணவருக்கு எந்த நிலத்தில் எது வளரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலம் அங்கே இருக்கவும் வேண்டும்.