கையடக்க விளையாட்டுக் கருவிகள்: கார்ட்ரிட்ஜ் முதல் பதிவிறக்கம் வரை

திரையும் பொத்தான்களும் ஒரே பெட்டியில் அமைந்து, கையில் எடுத்துச் சென்று விளையாடக்கூடிய மின்னணுச் சாதனம் கையடக்க விளையாட்டுக் கருவி எனப்படும். இக்கருவிகளுக்குள் விளையாட்டைச் சேர்க்கும் முறை 1979 முதல் பலமுறை மாறியுள்ளது. அதனுடன், விலை கொடுத்து வாங்கிய விளையாட்டின் மீது வாங்கியவருக்கு உள்ள உரிமையும் மாறியுள்ளது.

தொடக்கக் காலம்

அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் 1979இல் வெளியிட்ட மைக்ரோவிஷன், கார்ட்ரிட்ஜை மாற்றி வேறு விளையாட்டை ஆடக்கூடிய முதல் கையடக்கக் கருவியாகும். இதை வடிவமைத்தவர் ஜே ஸ்மித். இதன் செயலி கருவியில் இல்லை. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் தனித்தனியே இருந்தது. 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் அண்ட் வாட்ச் வரிசையைத் தொடங்கியது. அதில் கார்ட்ரிட்ஜுக்கே இடமில்லை. வேறு விளையாட்டு வேண்டுமானால் வேறு கருவி வாங்க வேண்டியிருந்தது.

கேம் பாய்

நின்டெண்டோவின் கேம் பாய் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ், வட அமெரிக்காவில் இக்கருவியுடன் சேர்த்தே விற்கப்பட்டது.

கேம் பாயில் விளையாட்டை நிறுவும் வேலையே கிடையாது. கார்ட்ரிட்ஜைச் செருகி மின்விசையைப் போட்டதும், கார்ட்ரிட்ஜில் பதிந்துள்ள நின்டெண்டோ சின்னம் சரியானதா எனக் கருவி ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் விளையாட்டு கார்ட்ரிட்ஜிலிருந்தே நேரடியாக இயங்கும். கணக்கோ கடவுச்சொல்லோ இணைய இணைப்போ தேவையில்லை. வாங்கியவர் அதை நண்பருக்கு இரவல் தரலாம். பழைய பொருள் கடையில் விற்கவும் செய்யலாம். இதிலும் ஒரு குறை உண்டு. பல கார்ட்ரிட்ஜுகளில் ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமித்து வைத்தது ஒரு சிறு மின்கலம். சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும் சேமித்தவை அழிந்தன. ஆனால் விளையாட்டு அழியவில்லை.

ஜப்பானில் 2000இல் வேறொரு முறையும் வந்தது. மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய கார்ட்ரிட்ஜை லாசன் கடைகளுக்குக் கொண்டு சென்றால், விரும்பிய கேம் பாய் விளையாட்டைக் கட்டணம் பெற்று அதில் பதிந்து கொடுத்தனர். இச்சேவை 2007இல் முடிவுக்கு வந்தது.

அட்டையும் வட்டும்

2003இல் வெளிவந்த நோக்கியாவின் என்-கேஜ் கருவியில் விளையாட்டுகள் நினைவட்டைகளில் வந்தன. அட்டையை மாற்றப் பின்மூடியைத் திறந்து மின்கலத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் 2004இல் வந்தது. அது யு.எம்.டி. என்னும் சிறு ஒளிவட்டைப் பயன்படுத்தியது. அதே வரிசையில் 2009இல் வந்த பி.எஸ்.பி. கோ கருவியில் வட்டுக்கு இடமில்லை. விளையாட்டுகளைப் பதிவிறக்கியே ஆட வேண்டும். முன்பே வட்டுகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அவை புதிய கருவியில் பயன்படவில்லை.

இணையக் கடைகள்

இணையக் கடையில் பயனர் கணக்கைத் தொடங்கி, விளையாட்டைத் தேடி, பணம் செலுத்தினால், கோப்பு கருவியின் நினைவகத்தில் இறங்கி நிறுவப்படும். அலைச்சல் மிச்சம். ஆனால் வாங்கியவருக்குக் கிடைப்பது அவரது கணக்குடன் பிணைக்கப்பட்ட உரிமம் மட்டுமே. அதை வேறொருவருக்கு விற்க முடியாது. உரிமம் மட்டுமே விற்கப்படும்போது அதை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்ற சட்டம், 2025 சனவரி 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது.

கடை மூடப்பட்டால்

நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச் 27 அன்று நிறுத்தப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் மீண்டும் பதிவிறக்க வழி விடப்பட்டது. ஆனால் புஷ்மோ போல அக்கடையில் மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது. கார்ட்ரிட்ஜாக வந்தவையோ பழைய பொருள் சந்தையில் இன்றும் கைமாறுகின்றன.

2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என, வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே பார்க்க அனுமதிக்கும் சட்டவிலக்கு கோரப்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது.

இன்றைய நிலை

2022இல் வந்த ஸ்டீம் டெக் கருவியில் கார்ட்ரிட்ஜ் இல்லை. 2025 சூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்கான சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. இணையத்திலிருந்து அதைப் பதிவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உள்ளது. இவ்வட்டையை இரவல் தரலாம், விற்கலாம். ஆனால் அதைப் பெறுபவரும் நிறுவனத்தின் வழங்கியிலிருந்தே விளையாட்டைப் பதிவிறக்க வேண்டும். 1989இல் வாங்கிய டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜுக்கு இன்றும் தேவைப்படுவது பழுதில்லாத ஒரு கேம் பாயும் 4 மின்கலங்களும்தான்.