மதுரைக் கோயில் கதவு திறந்த நாள்

மதுரை என்று சொன்னவுடன் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு முகம் மலரும். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சுற்றிச் சுற்றி அமைந்த ஊர் அது. சித்திரைத் திருவிழாவும் அழகர் ஆற்றில் இறங்குவதும் பலரும் அறிந்த சங்கதிதான். பலரும் அறியாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

என் பாட்டியின் தாயார் மதுரைப் பக்கத்துக் கிராமத்தவர். கங்காணியோடு கப்பலேறி வந்தவர். "நம்ம ஊரு மதுரைடி" என்று பெருமையாகச் சொல்வாராம். கோயிலுக்குள்ளே பொற்றாமரைக் குளம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும், "கோபுரத்தப் பாத்திருக்கேன், தேரப் பாத்திருக்கேன், போதும் போ" என்று எழுந்து போய்விடுவாராம்.

காரணம் என்ன? அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் எவரும் அந்தக் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. நாடார் சமூகத்தாருக்கும் அதே கதிதான். 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களே தோற்றார்கள். கோவிலுக்குப் போனதற்கு லண்டனில் தீர்ப்பு!

1936-ல் திருவிதாங்கூர் மகாராஜா தம் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். மதுரையில் அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் வக்கீல் அ. வைத்தியநாத ஐயர். பிராமணரே முன்னின்றதால் சொந்தச் சாதியாரின் ஏச்சுக்கும் ஆளானார். 1939 ஜூலை 8-ஆம் நாள், சனிக்கிழமை காலை, தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குப் போனார். அந்த ஐவரில் ஒருவர் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் உள்துறை மந்திரியாக இருந்தாரே, அதே கக்கன்தான்! கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவும் இதற்குத் துணை நின்றார்.

சும்மா விட்டார்களா? பட்டர்களில் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டது என்றார்கள். நுழைந்தவர்கள் மேலும் அதிகாரிகள் மேலும் வழக்கு வராதபடி ராஜாஜி அரசு அந்த ஆண்டே சட்டம் செய்தது. எல்லோரும் வரும்வரை அந்தக் கோயிலுக்குள் வருவதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946 பிப்ரவரியில்தான் உள்ளே வந்து கும்பிட்டார். மாகாணத்துக் கோயில்கள் அனைத்துக்குமான சட்டம் 1947-ல் வந்தது.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது 1938 ஜூனில். கோயில் திறந்ததோ அதற்கு அடுத்த ஆண்டு! அப்படியானால் கங்காணி கூட்டி வந்த நம் முன்னோர்களில் எத்தனையோ பேர், சொந்த ஊர்க் கோயிலை வெளியே நின்று கும்பிட்டுவிட்டே கப்பலேறியிருக்கிறார்கள். இங்கே வந்தபிறகும் சாதி அவர்களை உடனே விட்டுவிடவில்லை. மலாயாத் தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்ததும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா மதுரைக்குப் போனார். கிழக்கு வாசல் வழியாக நேரே உள்ளே போனாராம், யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், "அம்மனை நல்லா பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல சரியாத் தெரியலப்பா. குளத்துப் படியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்" என்றார்.